மீன்வளமும் கணித மாதிரியும்: மொத்த எடை சொல்லாத செய்தி

நீர்த்தேக்கம் ஒன்றின் மீன்வளத்தை மதிப்பிடும்போது முதலில் கேட்கப்படும் கேள்வி, ஓராண்டில் எத்தனை டன் மீன் பிடிக்கப்பட்டது என்பதாகும். சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு எடை கூடியிருந்தால் நீர்நிலை வளமாக இருப்பதாகவும், குறைந்திருந்தால் நலிந்துவிட்டதாகவும் கருதுவது வழக்கம். இந்த முடிவு எப்போதும் சரியானதன்று. நீர்நிலை சீர்குலைவின் விளிம்பை நெருங்கும் ஆண்டுகளிலும் மொத்த எடை உயர்ந்துகொண்டே போகக்கூடும் என்பதைக் கணிதம் காட்டுகிறது. அந்த ஆபத்தை முன்கூட்டியே அறிவிக்கும் அடையாளம் வேறொன்று உண்டு. பிடிபட்ட மீன்களில் பிற மீன்களைத் தின்று வாழும் இனங்களின் பங்கு எவ்வளவு என்பதே அது.

மகாராஷ்டிர மாநிலத்தின் புனே மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். புனே நகரின் நடுவே கூடும் முளா, முட்டா ஆறுகள் ஒன்றாகிக் கிழக்கே சென்று பீமா ஆற்றில் கலக்கின்றன. பீமாவின் குறுக்கே சோலாப்பூர் மாவட்டத்தில் 1980இல் கட்டி முடிக்கப்பட்ட உஜனி அணையின் நீர்ப்பரப்பு, புனே மாவட்டத்தின் இந்தாபூர், தௌண்ட் வட்டங்கள் வரை பரந்து கிடக்கிறது. அதன் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 117 டி.எம்.சி. ஆகும். கரையோரக் குடும்பங்கள் பலவற்றிற்கு இந்நீரின் மீன்களே வாழ்வாதாரம். இங்கே வாளை, விரால், ஆரல், பெரிய கெளிறு போன்ற கொன்றுண்ணி மீன்கள் உள்ளன. அவற்றிற்கு இரையாகும் சிறு கெண்டை வகைகளும் உள்ளன. இவ்விரு கூட்டங்களும் ஒரே நீரில் ஒரே வலையில் சிக்குகின்றன. இத்தகைய நீர்நிலையில் எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்ற வினாவுக்கு விடை காண உதவுவதே இரை–கொன்றுண்ணி மாதிரி எனப்படும் கணித முறையாகும்.

அட்ரியாடிக் கடலின் புதிர்

இம்முறையின் பிறப்பே மீன் சந்தையில்தான் நிகழ்ந்தது. முதல் உலகப் போருக்குப் பின் இத்தாலிய உயிரியல் அறிஞர் உம்பர்த்தோ தாங்கோனா, அட்ரியாடிக் கடற்கரைத் துறைமுகங்களின் மீன் சந்தைப் பதிவுகளை ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்று ஃபியூமே. அது இன்று குரோவேஷிய நாட்டின் ரியேக்கா நகரம். அங்கு விற்பனைக்கு வந்த மீன்களில் சுறா, திருக்கை முதலிய கொன்றுண்ணிகளின் பங்கு 1914இல் 11.9 விழுக்காடாக இருந்தது. போர் மூண்டபின் அது 1915இல் 21.4 ஆகவும், 1918இல் 36.4 ஆகவும் உயர்ந்தது. அமைதி திரும்பியதும் படிப்படியாக இறங்கி 1923இல் 10.7 விழுக்காட்டை அடைந்தது.

போர்க்காலத்தில் மீன்பிடித்தல் பெரிதும் குறைந்திருந்தது. மீன்பிடித்தல் குறைந்தால் எல்லா மீன்களும் பெருகும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் கொன்றுண்ணிகளின் பங்கு மட்டும் ஏன் இவ்வாறு உயர வேண்டும்? இக்கேள்வியைத் தாங்கோனா, கணித மேதை வீட்டோ வோல்டெராவின் முன் வைத்தார். வோல்டெரா 1926இல் தம் விடையை வெளியிட்டார். அமெரிக்காவில் வாழ்ந்த ஆல்ஃபிரெட் லோட்கா, தனிவழியில் இதே சமன்பாடுகளை அவருக்கு முன்பே அடைந்திருந்தார். எனவே இவை லோட்கா–வோல்டெரா சமன்பாடுகள் என்று அழைக்கப்படுகின்றன.

சமன்பாடுகள் கூறுவது என்ன?

இம்மாதிரியில் இரண்டு வகைக்கெழுச் சமன்பாடுகள் உள்ளன. முதலாவது இரை மீனைப் பற்றியது: இரையின் பெருக்கம், அதன் இயல்பான வளர்ச்சியிலிருந்து கொன்றுண்ணிகள் தின்னும் அளவைக் கழித்தால் கிடைக்கும். இரண்டாவது கொன்றுண்ணியைப் பற்றியது: அதன் பெருக்கம், உண்ட இரையால் ஏற்படும் வளர்ச்சியிலிருந்து இயற்கை இறப்பைக் கழித்தால் கிடைக்கும். இரையும் கொன்றுண்ணியும் சந்திக்கும் வாய்ப்பு, இரண்டின் அளவுகளையும் பெருக்கிய தொகைக்கு ஏற்ப அமையும் என்பது அடிப்படைக் கருதுகோள்.

இச்சமன்பாடுகளின் தீர்வு, இரண்டு கூட்டங்களும் அலைபோல மாறிமாறி ஏறி இறங்கும் என்று காட்டுகிறது. இரை பெருகினால் அதைத் தொடர்ந்து கொன்றுண்ணி பெருகும். அது பெருகியதால் இரை குறையும். இரை குறைந்ததால் கொன்றுண்ணி பட்டினியால் மெலியும். பின் இரை மீண்டும் தழைக்கும். இந்த ஏற்றத்தாழ்வுகளின் சராசரியை வோல்டெரா கணக்கிட்டார். இரையின் சராசரி அளவைத் தீர்மானிப்பது கொன்றுண்ணியின் தேவை. கொன்றுண்ணியின் சராசரி அளவைத் தீர்மானிப்பது இரையின் வளர்ச்சி வீதம். முதற்பார்வையில் தலைகீழாகத் தோன்றும் இவ்வுண்மையே மாதிரியின் திறவுகோல்.

இப்போது வலை வீசப்படுவதாகக் கொள்வோம். வலை இரண்டு கூட்டங்களிலிருந்தும் ஒரே வீதத்தில் மீனை அகற்றுகிறது. இரையின் நிகர வளர்ச்சி வீதம் குறைவதால், அது தாங்கக்கூடிய கொன்றுண்ணிகளின் அளவும் குறைகிறது. கொன்றுண்ணியோ இயற்கை இறப்போடு வலையால் நேரும் இழப்பையும் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னைவிட மிகுதியான இரை தேவை. ஆகவே சராசரியாக இரை மிகும், கொன்றுண்ணி குறையும். மீன்பிடித்தல் நின்றால் இதற்கு மாறாக நிகழும். ஃபியூமே சந்தையின் புதிர் இவ்வாறு விடுபட்டது.

இவ்விதி மீனுக்கு மட்டும் உரியதன்று. நெல் வயலில் பூச்சிமருந்தை மிகையாகத் தெளித்தபின் புகையான் பூச்சி பெருகிய அனுபவத்தை வேளாண் துறையினர் நன்கு அறிவர். மருந்து புகையானையும் அதைத் தின்னும் சிலந்திகளையும் சேர்த்தே கொல்கிறது. இறுதியில் பயன் பெறுவது புகையானே.

எண்களில் ஓர் எடுத்துக்காட்டு

விளக்கத்தின் பொருட்டு ஒரு கற்பனை நீர்த்தேக்கத்தைக் கொள்வோம். அதில் இரை மீன் ஆண்டுக்கு 60 விழுக்காடு வீதம் வளர்கிறது. ஒவ்வொரு டன் கொன்றுண்ணியும் அவ்வளர்ச்சியில் 2 விழுக்காட்டைக் குறைக்கிறது. கொன்றுண்ணியின் இயற்கை இறப்பு ஆண்டுக்கு 40 விழுக்காடு; ஒவ்வொரு டன் இரையும் அதற்கு 0.4 விழுக்காடு வளர்ச்சியைத் தருகிறது. மீன்பிடித்தல் இல்லாதபோது சமநிலையில் இரை 100 டன்னும் கொன்றுண்ணி 30 டன்னும் இருக்கும்.

இரண்டையும் ஆண்டுக்கு 20 விழுக்காடு வீதத்தில் பிடித்தால் இரை 150 டன்னாக உயரும். கொன்றுண்ணி 20 டன்னாகக் குறையும். பிடிபடுவது மொத்தம் 34 டன். அதில் கொன்றுண்ணியின் பங்கு ஏறத்தாழ 12 விழுக்காடு. வீதத்தை 40 விழுக்காடாக உயர்த்தினால் இரை 200 டன், கொன்றுண்ணி 10 டன். பிடிபடுவது 84 டன். கொன்றுண்ணியின் பங்கு 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். 50 விழுக்காடாக உயர்த்தினால் பிடிபடுவது 115 டன். கொன்றுண்ணியின் பங்கு 2 விழுக்காடு அளவே.

இந்நிலையில் ஆண்டறிக்கையைப் பார்க்கும் அதிகாரி, 34 டன்னிலிருந்து 115 டன்னுக்கு உற்பத்தி உயர்ந்ததைப் பெரும் சாதனையாகக் கருதலாம். ஆனால் மீன்பிடி வீதம் 60 விழுக்காட்டை எட்டியவுடன் கொன்றுண்ணிக்கு இடமே இல்லாமற் போகிறது. அதற்கு மேல் ஒரு சிறிது கூடினாலும் இரையின் வளர்ச்சி இழப்பை ஈடுசெய்யாது. இரண்டு கூட்டங்களும் அழியும். மொத்த எடை கடைசிப் படி வரை எச்சரிக்கை எதுவும் தரவில்லை. இனவாரிப் பங்கு முதற்படியிலிருந்தே எச்சரித்து வந்தது.

எல்லையுள்ள நீரில்

மேற்கண்ட மாதிரி, இரை மீனுக்கு உணவும் இடமும் எல்லையற்றுக் கிடைப்பதாகக் கொள்கிறது. உண்மை நீர்நிலையில் அவை எல்லைக்கு உட்பட்டவை. எனவே பின்வந்தவர்கள் நீர்நிலையின் தாங்குதிறனையும் சமன்பாட்டில் சேர்த்தனர். மேற்கூறிய கற்பனை நீர்த்தேக்கம் 300 டன் இரையை மட்டுமே தாங்கும் எனக் கொண்டால், மீன்பிடித்தல் இல்லாதபோது கொன்றுண்ணியின் அளவு 20 டன் ஆகும். மீன்பிடி வீதம் 20 விழுக்காடானால் அது 5 டன்னாகச் சுருங்கும். ஏறத்தாழ 27 விழுக்காட்டில் முற்றிலும் மறையும்.

மீன்வள நிர்வாகத்தில் அதிகபட்ச நிலைத்த விளைச்சல் என்ற கோட்பாடு நெடுங்காலமாக வழங்கிவருகிறது. வளத்தைக் குலைக்காமல் ஆண்டுதோறும் எடுக்கக்கூடிய மிகுதியான அளவு எதுவோ, அதுவே இலக்கு என்பது இதன் பொருள். ஓர் இனத்தை மட்டும் தனியே கருதினால், அதன் இயல்பான வளர்ச்சி வீதத்தில் பாதி அளவுக்குப் பிடிக்கும்போது இவ்விளைச்சல் கிட்டும். நம் எடுத்துக்காட்டில் அது 30 விழுக்காடு. இரை மீன் ஆண்டுக்கு 45 டன் கிடைக்கும். ஆனால் 27 விழுக்காட்டிலேயே கொன்றுண்ணி மறைந்துவிட்டது. அதாவது இரை மீனுக்குரிய இலக்கை அடைவதற்கு முன்பே வாளையும் விராலும் நீர்த்தேக்கத்தை விட்டு நீங்கியிருக்கும். ஓர் இனத்திற்கு உகந்த இலக்கு மற்றோர் இனத்திற்கு அழிவாகலாம் என்பதற்கு இது தெளிவான சான்று.

இராபர்ட் மே உள்ளிட்ட ஐவர் 1979இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, தென்முனைக் கடலின் கிரில் இறாலையும் அதை உண்ணும் திமிங்கிலங்களையும் முன்னிறுத்தி இக்கருத்தையே வலியுறுத்தியது. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையும், பிடிக்கப்படும் இனத்தைச் சார்ந்து வாழும் பிற இனங்களின் மீது ஏற்படும் விளைவைக் கருத்திற்கொள்ளுமாறு நாடுகளைப் பணிக்கிறது. இந்தியாவில் கொல்கத்தாவின் யாதவ்பூர் பல்கலைக்கழகக் கணித அறிஞர்கள், 1980களிலிருந்து பல்லின மீன்பிடித்தலைப் பொருளாதாரக் கூறுகளோடு இணைத்து ஆராய்ந்து வந்துள்ளனர்.

புனே நீர்நிலைகளுக்கு இதன் பொருள்

இந்திய நீர்த்தேக்கங்களில் கட்லா, ரோகு, மிருகால் ஆகிய பெருங்கெண்டைகளின் குஞ்சுகளை விடுவது பல ஆண்டுகளாக நடைபெற்றுவரும் திட்டப்பணி. குஞ்சுகள் சிறியனவாக இருந்தால் கொன்றுண்ணிகளுக்கு இரையாகிவிடும். ஆதலால் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு வளர்ந்த விரலளவுக் குஞ்சுகளையே விட வேண்டும் என்பது மீன்வள வல்லுநர்களின் பரிந்துரை. குஞ்சுகளைக் காக்கக் கொன்றுண்ணிகளைப் பிடித்து அகற்றுவதும் ஒரு வழியாகக் கருதப்பட்டு வந்தது.

இவ்விரு வழிகளையும் மாதிரியின் ஒளியில் ஒப்பிடலாம். கொன்றுண்ணிகளை அகற்றினால் இரை பெருகும் என்பது உண்மை. ஆனால் பெருகும் இரை எது? கொன்றுண்ணி பெருங்கெண்டைக் குஞ்சுகளை மட்டும் தின்பதில்லை. சந்தையில் விலை போகாத சிறு மீன்களையும் தின்கிறது. அச்சிறு மீன்கள் பெருகினால், பெருங்கெண்டைகள் உண்ணும் மிதவை உயிரிகளுக்கு அவை போட்டியாகும். ஆகவே குஞ்சின் அளவைக் கூட்டுவது பக்கவிளைவில்லாத வழி. கொன்றுண்ணியை ஒழிப்பது பக்கவிளைவுள்ள வழி.

உஜனி நீர்த்தேக்கத்தில் இன்று ஜிலேபிக் கெண்டை மிகுதியாகக் காணப்படுகிறது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா இனம், முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் வைத்துக் காப்பதாலும் ஆண்டில் பலமுறை இனப்பெருக்கம் செய்வதாலும் விரைந்து பரவியது. குளங்களில் இதன் மிகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த விரால் போன்ற கொன்றுண்ணிகளைச் சேர்த்து வளர்க்கும் முறை பல நாடுகளில் கையாளப்படுகிறது. நீர்த்தேக்கத்தில் சிறு கண்ணி வலைகள், பெரிதாக வளர வேண்டிய வாளைக் குஞ்சுகளையும் சிறு கெண்டைகளையும் வேறுபாடின்றி வாரிவிடுகின்றன. மெதுவாக முதிரும் பெரிய மீன்கள் ஒருமுறையேனும் முட்டையிடும் முன்பே பிடிபட்டால் அவற்றின் கூட்டம் முதலில் சுருங்கும். வலைக்கண்ணியின் அளவை முறைப்படுத்துவது, மாதிரியின் மொழியில் கூறினால், கொன்றுண்ணியின் மீன்பிடி வீதத்தையும் குறைப்பதாகும்.

இதில் மீனவரின் வருவாயும் அடங்கியுள்ளது. விரால் முதலிய கொன்றுண்ணி மீன்கள் சிறு மீன்களைவிட உயர்ந்த விலை பெறுவன. எடை உயர்ந்தும் கொன்றுண்ணியின் பங்கு குறைந்துவிட்டால், கூடுதலாக உழைத்தவர் அதற்கேற்ற பணத்தைக் காணமாட்டார்.

மாதிரியின் வரம்புகள்

கணித மாதிரி உண்மையின் சுருக்கமேயன்றி உண்மையே அன்று. புனே ஆறுகளின் வரலாறு இதை நினைவூட்டுகிறது. கர்னல் வில்லியம் சைக்ஸ் தக்காணத்து மீன்களை விவரித்து 1839இல் எழுதினார். தக்காண மகசீர் மீனுக்கு அறிவியற்பெயர் இட்டவரும் அவரே. ஃபிரேசர் என்பார் 1942இல் புனே மீன்களின் பட்டியலை வெளியிட்டார். 2003இல் வெளிவந்த ஆய்வுகள், பழைய பட்டியல்களில் இருந்த சில இனங்கள் இப்போது காணப்படவில்லை என்று பதிவு செய்தன. நகரக் கழிவுநீர், அணைகள், அயல் இனங்கள் என இதற்குக் காரணங்கள் பல. இவை எவையும் இரண்டு சமன்பாடுகளுக்குள் அடங்குவன அல்ல.

இரண்டு இனங்களுக்கான மாதிரியில் மூன்றாவது இனம் நுழைந்தால் விளைவு மாறும். புனே மாவட்டத்து லோனாவளாவில் டாடா மின் நிறுவனம் நடத்திய பொரிப்பகத்தில் 1970கள் முதல் உற்பத்தியான தக்காண மகசீர்க் குஞ்சுகள் பல மாநிலங்களுக்கு வழங்கப்பட்டன. காவிரியிலும் அவை விடப்பட்டன. அழியும் மீனைப் பெருக்கும் நல்ல நோக்கமே அதற்குக் காரணம். ஆனால் காவிரிக்கே உரிய திமில் மகசீர் அதன்பின் அருகியதையும், வந்த மீன் அதன் இடத்தைப் பிடித்ததையும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். திமில் மகசீர் 2018இல் மிக அபாய நிலையிலுள்ள இனமாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பருவமழையால் நீர்மட்டம் ஏறி இறங்குவது, மீனின் வயது, மறைந்து வாழும் இடங்கள் ஆகியனவும் எளிய மாதிரியில் இடம்பெறுவதில்லை. எனவே அது தரும் எண்களை அப்படியே ஆணையாக்குதல் கூடாது. எத்திசையில் மாற்றம் நிகழும் என்பதை அறியவும், எதை அளக்க வேண்டும் என்பதை முடிவு செய்யவுமே அது சிறந்த கருவி.

அளக்க வேண்டியது எது?

கடல் மீன்வளத் துறையில் இப்பாடம் ஓரளவு கைக்கொள்ளப்பட்டுள்ளது. 1947இல் நிறுவப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கரையிறங்கும் மீன்களை மாதிரிக் கணக்கெடுப்பின் மூலம் இனவாரியாகப் பதிவு செய்துவருகிறது. இத்தகைய நெடுங்காலப் பதிவுகளைக் கொண்டே, இந்தியக் கடல்களில் பிடிபடும் மீன்களின் சராசரி உணவுநிலை இறங்கிவருகிறதா என்பதை ஆராய முடிந்தது. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விதிக்கப்படும் விசைப்படகுத் தடைக்காலமும், இம்மாதிரியின் பார்வையில், ஆண்டு மீன்பிடி வீதத்தைக் குறைக்கும் ஒரு நடவடிக்கையே.

உள்நாட்டு நீர்த்தேக்கங்களிலும் இத்தகைய பதிவு வேண்டும். அதற்குப் பெரும் செலவோ அரிய கருவிகளோ தேவையில்லை. மீன் இறக்கும் துறைகளில் மாதத்தில் சில நாட்களேனும் கொன்றுண்ணி, பெருங்கெண்டை, ஜிலேபிக் கெண்டை, சிறு மீன் எனப் பிரித்து எடைபோட்டு எழுதிவைத்தால் போதும். எத்தனை படகுகள், எத்தனை வலைகள் சென்றன என்பதையும் உடன் குறித்தால் மீன்பிடி வீதத்தை மதிப்பிடலாம். கூட்டுறவுச் சங்கங்களின் எழுத்தர்களும் மீன்வள உதவியாளர்களும் இப்பணியைச் செய்ய இயலும். பத்தாண்டுகள் தொடர்ந்த அத்தகைய பதிவேடு, ஒருமுறை நடத்தப்படும் பெரிய ஆய்வைவிட மதிப்புடையது.

ஃபியூமே நகரின் மீன் சந்தையில் யாரோ சில எழுத்தர்கள் போர்க்காலத்திலும் தவறாமல் எழுதிவைத்த பதிவுகள்தாம் வோல்டெராவின் கணிதத்துக்கு அடித்தளமாயின. அவர்கள் மொத்த எடையை மட்டும் எழுதி நிறுத்தியிருந்தால் அப்புதிர் எழுந்திராது, விடையும் பிறந்திராது. உஜனிக் கரையில் இன்று நிறுத்துப் பதிவாகும் கூடைகளிலும் அத்தகைய செய்தி அடங்கியிருக்கிறது. வாளை எத்தனை, கெண்டை எத்தனை என்று பிரித்து எழுதினால்தான் அதைப் படிக்க முடியும்.